இரண்டு இடத்தில் ஒருத்தி

திரையின் மேல்மூலையில் அந்த வரி வந்தபோது அவள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். படித்து முடிப்பதற்குள் பிஸ்கட் பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது.

"ஒரே கணக்கு இரண்டு இடங்களில் திறந்திருக்கிறது."

இப்படிப்பட்ட வரிகள் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது வரும். கிளையில் ரத்தம் எடுக்கும் பெண் கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நேரத்தில் நுழைந்திருப்பாள், அல்லது டாக்டர் ஒருவர் ஊருக்குப் போன இடத்தில் ரிப்போர்ட் பார்த்திருப்பார். ஒரு பார்வை பார்த்து, சரி என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டியதுதான். ஆனால் இந்த வரியில் இருந்த கணக்கு அவளுடையது. முதல் இடம் அவள் உட்கார்ந்திருந்த இந்த அறை. இரண்டாவது இடம் அவளுடைய வீடு.

மணி மூன்று பத்து. பட்டப்பகல். விடுமுறை நாள்.

"குட்டியோட வேலைதான்," என்று வாய்விட்டே சொல்லிச் சிரித்துக்கொண்டாள். ஏழு வயதுப் பெண் லேப்டாப் கிடைத்தால் விடுமா? அதிலும் மூன்று நாளாகக் காய்ச்சல், பள்ளிக்கூடம் இல்லை, பொழுது போகவில்லை. ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்து, கண்ணை மூடினால் சிணுங்கி எழுந்து, தானும் தூங்காமல் அம்மாவையும் தூங்கவிடாமல் வைத்திருந்தாள். இன்று காலையில்தான் இவளுடைய தங்கை வந்து, "நான் பாத்துக்கறேன், நீ கிளம்பு. போய் முதல்ல உன் மிஷினுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாரு," என்று குத்திக்காட்டி அனுப்பிவைத்தாள். "அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்," என்று குட்டியின் சூடான நெற்றியில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் இவள்.

அவளுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் அது. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு என்ன வியாதி, யார் வயிற்றில் குழந்தை என்று லட்சம் பேருடைய ரகசியம் அங்கே கணினிகளில் கிடந்தது. அந்தக் கணினிகளுக்குள் திருடன் புகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒற்றை ஆள். அவளும் தூங்கத்தானே வேண்டும்? அதனால் அவளுக்குத் துணையாக எதையாவது அமர்த்துவது என்று முதலாளி டாக்டர் முடிவு செய்திருந்தார்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, வெளியே ஒரு நிறுவனம். அங்கே ஆட்கள் முறை வைத்து உட்கார்ந்து இரவும் பகலும் நம் கணினிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏதாவது சந்தேகம் என்றால் போன் போட்டு விசாரித்து, நம் சம்மதம் வாங்கி, பிறகு நடவடிக்கை எடுப்பார்கள். அங்கிருந்து பேசும் இளைஞனுக்கு அவள் தேன்குரல் என்று பட்டப்பெயர் வைத்திருந்தாள். மற்றது, ஒரு மென்பொருள். அது யாரையும் விசாரிக்காது. தப்பு என்று தோன்றினால் மூன்று விநாடியில் கணக்கை மூடும், கணினியைத் துண்டிக்கும், கதவு திறக்கும் அட்டையைக்கூடச் செத்துப்போகச் செய்யும். அதற்குப் பூட்டு என்று பெயர் வைத்தாள். இரண்டையும் இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தாயிற்று. பூட்டை மட்டும், 'என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதே' என்ற நிலையில் கட்டிப்போட்டிருந்தாள்.

"ரெண்டையும் வாங்கறதுக்கு நம்ம வீட்டுல என்ன பணம் காய்க்கற மரமா இருக்கு?" என்றார் முதலாளி டாக்டர். "ஆளா, மிஷினா? நாளைக்குக் காலையில ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடும்மா. ரெண்டாவது பக்கம் இருந்துச்சுன்னா அதை நீயே படிச்சுக்க, நான் தொடமாட்டேன்."

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் விடுமுறை நாளில் இந்த ஜன்னலில்லாத அறையில் வந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளுயர அலமாரிகளில் கணினிகள் விர்ரென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஏசி குளிர் முழங்காலில் ஏறியது. கீழ்த்தளத்து ஸ்பிரிட் வாசனை படியேறி வந்து, யாரும் இல்லாத நாளிலும் யாருக்கோ ஊசி போடப்போவதுபோல் அறையில் நின்றது.

வீட்டுக்குப் போன் செய்து குட்டியை அதட்டலாம் என்று கையை நீட்டியபோதுதான் அவள் கால், மேசைக்கு அடியில் கிடந்த பையில் இடித்தது. பைக்குள் இருந்தது லேப்டாப். காலையில் அவளே எடுத்து வைத்தது. வீட்டில் அது ஒன்றைத் தவிர வேறு கணினி கிடையாது.

பிஸ்கட் ஊறிய தேநீரை நகர்த்தி வைத்தாள்.

வீட்டில் திறந்திருக்கும் அந்த இன்னொரு 'அவள்' என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று தேடினாள். நோயாளிகளின் பட்டியலைத் தொடவில்லை. கடவுச்சொல் எதையும் மாற்றவில்லை. ஒரே ஒரு கோப்பைத்தான் திறந்து வைத்திருந்தாள். காலையிலிருந்து இவள் தலைப்பு மட்டும் எழுதிவிட்டு விழித்துக்கொண்டிருந்த அந்த ஒரு பக்கம்.

திறந்து பார்த்தாள். எழுத்துகள் வந்துகொண்டிருந்தன.

"இரண்டு வாரமும் ஆட்களே சிறப்பாகச் செய்தார்கள். மென்பொருள் தேவையில்லை. ஆகவே" என்று எழுதி நின்றது. பிறகு அந்த 'ஆகவே' ஒவ்வொரு எழுத்தாக அழிந்தது. "அதனால்" என்று வந்தது.

இருபது வருடமாக அவளுக்கு அந்தப் பழக்கம். 'ஆகவே' என்றுதான் கை முதலில் எழுதும். பத்திரிகைபோல் இருக்கிறதே என்று அழித்துவிட்டு 'அதனால்' போடுவாள். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு வரிக்கும் இடையே சின்னச் சின்ன நிறுத்தம். யோசிக்கும்போது அவள் நிறுத்துவாளே, அந்த அளவு நிறுத்தம்.

தேன்குரலை அழைத்தாள்.

"வணக்கம் மேடம், சாப்டீங்களா?" அவன் எப்போதும் இப்படித்தான் தொடங்குவான். "உங்க கணக்கு விஷயம்தானே? எங்களுக்கும் வந்துச்சு. நான் அப்பவே கூப்பிட்டு விசாரிச்சு முடிச்சுட்டேன். ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"யாரை விசாரிச்சீங்க?"

"உங்களைத்தான் மேடம்." அவன் சிரித்தான். "மறந்துட்டீங்களா? இப்பத்தான், அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எந்த நம்பர்ல கூப்பிட்டீங்க?"

"நீங்க பதிவு பண்ணிக் குடுத்த நம்பர்தான். வீட்டு லேண்ட்லைன்."

கண்களை மூடிக்கொண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் படிவம் நிரப்பியபோது, எப்படியும் ராத்திரியில்தான் கூப்பிடப்போகிறார்கள், ராத்திரியில் வீட்டில்தானே இருப்போம் என்று வீட்டு எண்ணை மட்டும் எழுதிக்கொடுத்தவள் அவள்தான். ஒரே எண். மாற்று எண் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். கிளைக்காரர்கள் யாராவது அப்படி விட்டிருந்தால் கூப்பிட்டுத் திட்டியிருப்பாள்.

"அது என் தங்கச்சியா இருக்கும் தம்பி. எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரரே ஊர்லேர்ந்து கூப்பிடறப்ப ஏமாந்திருக்காரு. அவ விளையாடியிருப்பா."

"ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னாங்களே மேடம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணினிகளின் மூச்சு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

குட்டிக்கு முன்னால் ஒரு குழந்தை வயிற்றில் தங்கி, பிறக்காமலே போயிற்று. அதற்கு வைக்க ஒரு பெயர் நினைத்திருந்தாள். கணவனிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொல்லவில்லை. வெளியே சொன்னால் அதுவும் போய்விடும் என்று உள்ளேயே வைத்துக்கொண்ட பெயர். ரகசியக் கேள்வி என்று படிவம் கேட்டபோது அதைத்தான் எழுதினாள். யாருக்கும் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக.

"அந்தப் பேரை... அவங்க சொன்னாங்களா?"

"சொன்னாங்க. சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க." அவன் குரலில் தேன் கொஞ்சம் குறைந்தது. "இப்ப நீங்க சொல்லுங்க."

சொன்னாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரை வாய் திறந்து சொன்னபோது அது வேறு யாருடைய குழந்தையின் பெயரையோ சொல்வதுபோல் இருந்தது.

"பதில் சரிதான்," என்றான் அவன். "ஆனா உங்க குரல் நடுங்குது. அவங்க நிதானமாப் பேசினாங்க. பின்னால குழந்தை சத்தம்கூடக் கேட்டுச்சு. நீங்க யாருங்க?"

'மேடம்' இல்லை. அதை அவள் கவனித்தாள்.

"நான்தான் தம்பி. தினமும் என்கிட்டத்தானே பேசறீங்க? போன வாரம் உங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்குன்னு சொன்னீங்களே, நான்தானே..."

"அதை அவங்களும் சொன்னாங்க. குழந்தை எப்படி இருக்குன்னு கேட்டாங்க." இப்போது அவன் எதையோ பார்த்து வாசிப்பவன்போல் பேசினான். "பதிவுல இருக்கற நம்பர்ல பேசறவங்களைத்தான் நாங்க நம்பணும். ஆபீஸ்ல இருக்கற கணக்கை நிறுத்தட்டுமான்னு அவங்ககிட்ட அனுமதி கேட்கப்போறேன். அவங்க சரின்னா நிறுத்திடுவோம். தயவுசெஞ்சு அங்கயே இருங்க."

வைத்துவிட்டான்.

உடனே வீட்டுக்கு அடித்தாள். எண் வேறொரு அழைப்பில் இருந்தது. அங்கே தேன்குரல் பேசிக்கொண்டிருக்கிறான். யாரிடமோ.

தங்கையின் கைப்பேசிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

யாரோ கில்லாடித் திருடன், என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். குரலைப் போலச் செய்யும் கருவிகள் இப்போது எத்தனையோ இருக்கின்றன. வீட்டுப் போன் கம்பியை எங்கேயோ வளைத்திருக்கிறான், வீட்டு இணைப்பைத் தன் வழியாகத் திருப்பியிருக்கிறான். அப்படித்தான் இருக்கவேண்டும். வேறு எப்படி இருக்க முடியும்? வேலை தெரிந்தவள் அவள். ஒவ்வொரு பூச்சாண்டிக்கும் ஒரு கம்பி இருக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு மனிதன் இருப்பான். அந்தப் பெயர்? அதையும் எங்கேயோ படிவத்திலிருந்து எடுத்திருப்பான்.

திரையில் அந்த ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. "ஆட்களிடம் பேசலாம். ஆட்கள் புரிந்துகொள்வார்கள். மென்பொருள் வேண்டவே வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து."

தாழ்மையான கருத்து. அதுவும் அவள் எழுதுவதுதான்.

திருடனுக்கு எது வேண்டாமோ அதுதானே நமக்கு வேண்டும்? ஆட்களைக் குரலால் ஏமாற்றலாம். பூட்டுக்குக் காது கிடையாது. அதற்குக் குழந்தைச் சத்தம் கேட்காது, சிரிப்புக் கேட்காது. பதினான்கு நாளாக அவள் கை எப்படி எழுதுகிறது, எங்கே நிற்கிறது, எதை அழிக்கிறது என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறது. அது சொல்லட்டும், யார் நிஜம் என்று.

பூட்டின் பக்கத்தைத் திறந்தாள். 'என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதே' என்ற இடத்தில் 'நீயே முடிவு செய்' என்று மாற்றினாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றாள்.

திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் 'அலுவலகம்'. வலது பக்கம் 'வீடு'. இரண்டுக்கும் கீழே ஒவ்வோர் எண். பழகிய கையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு.

வீடு, 99.

அலுவலகம், 81.

"தப்பு," என்றாள்.

தன் கைகளைப் பார்த்தாள். விரல்கள் விறைத்து, நகக்கண் நீலமாகி, விசைகளின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டென்று கைகளைத் தேய்த்தாள். ஊதினாள். எழுதிக் காட்டவேண்டும், எப்போதும் எழுதுவதுபோல். எப்போதும் எப்படி எழுதுவாள்? யோசித்ததும் அது மறந்துபோயிற்று. 'ஆகவே' என்று எழுதினாள். அழித்தாள். 'அதனால்' என்று எழுதப்போய் ஒரு எழுத்து தவறியது. அதை அழித்தாள். இன்னொன்று தவறியது.

அலுவலகம், 64.

நிதானம். நிதானமாக.

52.

வலது பக்கம் எழுத்துகள் மழைபோல், சீராக, அவள் நல்ல நாளில் எழுதும் வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு நின்றன. எதற்காகவோ காத்திருப்பதுபோல் நின்றன.

37.

மூட மூன்று விநாடி.

இரண்டு.

திரை கறுத்தது. கறுத்த திரையில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கையிலிருந்த அலுவலகக் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து, "இந்தக் கருவி தனிமைப்படுத்தப்பட்டது" என்று காட்டிவிட்டு அணைந்தது. எந்தப் பித்தானை அமுக்கியும் அது எழவில்லை.

பையை எடுக்காமல் படியில் ஓடினாள். கீழே வாசல் காவலர், மேசையில் தலையைச் சாய்த்தபடி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க? உக்காருங்க, தண்ணி குடிங்க."

அவருக்கு அவளைத் தெரிந்திருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே அவருடைய காலில் விழலாம்போல் இருந்தது. "போன் வேணும்ணே," என்றாள். மேசையிலிருந்த பழைய கம்பிப் போனை அவர் தள்ளி வைத்தார்.

இந்த முறை மணி போயிற்று. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள்.

"அலோ," என்றது குட்டியின் குரல். தூக்கம் சொக்கும் குரல்.

"குட்டி! கண்ணு! சித்தி எங்கடா? சித்திகிட்டக் குடு."

"சித்தி போய்ட்டாங்களே. அம்மா வந்ததும் போய்ட்டாங்க."

"அம்மா... குட்டி, அம்மாதான்டா பேசறேன். நான்தான் அம்மா."

அந்தப் பக்கம் குழந்தை யோசித்தது. மூக்கடைத்த சின்ன மூச்சு கேட்டது.

"நீங்க யாரு ஆன்ட்டி?" என்று மரியாதையாகக் கேட்டாள். "அம்மா என்னைத் தூங்கவைக்கறாங்க. அப்புறமாப் பேசறீங்களா?"

அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தலையணைப் பக்கத்திலிருந்து வருவதுபோல், அவளுடைய குரல் கேட்டது. அவளுடையதேதான். தொண்டையில் அவளுக்கு எப்போதும் இருக்கும் கரகரப்போடு.

"யாருடா செல்லம்? வெச்சுடு. கண்ணை மூடிக்க."

போன் மெதுவாக வைக்கப்பட்டது.

எப்படித் தெருவுக்கு வந்தாள், எந்த வாடகைக் காரைக் கை காட்டி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அப்பால் குடைகளும் முகங்களும் கரைந்து கரைந்து போயின. "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார். வீட்டுக்கு என்றாள். காய்ச்சல்காரக் குழந்தை. அதற்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். மருந்து மயக்கம். போய்த் தூக்கினால் தெரிந்துவிடும். தூக்கினால் போதும்.

தெருக்கோடியில் தரைத்தளத்து வீடு. மாலை இன்னும் இருட்டவில்லை, ஆனால் மழையில் எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. இடுப்பிலிருந்த சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"குட்டி!"

உள்ளே சத்தமில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். செருப்பு சேற்றில் போயிற்று. படுக்கையறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. கம்பி போட்ட ஜன்னல், கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை ஒட்டினாள்.

குட்டி தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக, வாயைக் கொஞ்சம் திறந்து, நெற்றி வேர்த்து, காய்ச்சல் இறங்கிய குழந்தை தூங்கும் அந்தத் தூக்கம். அவள் தலை ஒரு மடியில் இருந்தது. மடிக்குரியவள் முகத்தை மறுபக்கம் திருப்பி உட்கார்ந்து, தோளில் தட்டிக்கொண்டிருந்தாள். காலையில் இவள் கட்டிக்கொண்டு வந்த அதே புடவை. அது நனையாமல் இருந்தது.

கம்பிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை ஓங்கி அடித்தாள்.

தட்டுவது நின்றது. அந்த உருவம் திரும்பவில்லை. இரண்டு கைகளையும் எடுத்து, குட்டியின் இரண்டு காதுகளையும் பொத்தியது. மெதுவாக. சத்தத்தில் பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்று எந்தத் தாயும் பொத்துவதுபோல்.

இன்னொரு முறை அடித்தாள்.

அந்த உள்ளங்கைகள் கொஞ்சம் அழுந்தின.

இன்னொரு முறை.

இன்னும் கொஞ்சம். குட்டியின் கன்னம் பிதுங்கியது. புருவம் சுருங்கியது. தூக்கத்திலேயே ஒரு சின்ன முனகல்.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

உள்ளே உள்ளங்கைகள் தளர்ந்தன. குட்டியின் புருவம் விரிந்தது. மூச்சு சீரானது.

வாயைத் திறந்தாள், கத்த. உள்ளங்கைகள் அழுந்தின. வாயை மூடினாள். தளர்ந்தன.

அப்போதுதான் அது தலையைத் திருப்பியது. அவசரமில்லாமல். அவள் முகம், அவள் பொட்டு, அவள் கண்ணுக்குக் கீழே மூன்று நாள் தூங்காத கறுப்பு. அந்தக் கண்களில் கோபம் இல்லை. குழந்தை தூங்குகிறது, பார்த்தாயா, என்று சொல்கிற நிம்மதிதான் இருந்தது. குட்டியின் தலையைத் தாங்கிய இரண்டு கைகளும் அப்படியே இருந்தன.

மழை பெய்தது. அவள் கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் எடுத்தாள்.